சாமி சொன்ன 'இருக்கட்டும்'

"இருக்கட்டும்னா வேண்டாம்னு அர்த்தம்" என்றாள் ஃபுமியே.

காரின் பானெட்டுக்குள் தலையை விட்டு, கடைசிக் குழாயின் கவ்வியை இறுக்கிக்கொண்டிருந்த ஹொசாகா தலையை வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"என்ன சொன்னே?"

"போன வருஷம் உங்கப்பா திதியில, சாமிக்கு ரெண்டாவது தடவை சோறு வைக்கப் போனேன். இருக்கட்டும்னார். கிண்ணத்தைக் கையால மூடிக்கிட்டார். வேண்டாம்னுதாங்க அர்த்தம்."

டீ கொண்டுவந்த இடத்தில் அவள் பேச்சுவாக்கில்தான் கேட்டிருந்தாள். செருப்பு அறுந்தால் தைத்துத் தைத்துப் போட்டுக்கொள்ளும் கோயில் பிக்கு தோகென் சாமி, தன் காருக்குப் பூசணிக்காய் அளவு டர்போ போட எப்படிச் சம்மதித்தார் என்று. ஹொசாகாவும் பெருமையாகத்தான் பதில் சொன்னார். எஞ்சினைப் பிரித்த அன்றே கோயிலுக்குப் போன் செய்தாராம். பிரித்ததுதான் பிரித்தோம், பெரிய டர்போவாகப் போட்டு, பிஸ்டனையும் பலமானதாக மாற்றிவிடலாமா என்று கேட்டாராம். சாமி 'இருக்கட்டும்' என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாராம்.

'பெரிய டர்போவே இருக்கட்டும்' என்று ஹொசாகா எடுத்துக்கொண்டார். 'அதெல்லாம் இருக்கட்டும், நீ பழையபடி செய்து கொடு' என்றும் எடுத்துக்கொள்ளலாம் என்பது இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவர் மண்டையில் உறைக்கவில்லை. இப்போது உறைத்தது.

வேறு யாருடைய காராக இருந்தாலும் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு மாற்றிக் கொடுத்துவிடலாம். இது நிலச்சொந்தக்காரரின் கார். குன்மா மலையடிவாரத்திலிருந்த அந்தச் சின்ன ஊரில் பாதி நிலம் கோயிலுடையது. ஹொசாகாவின் ஒர்க்‌ஷாப்பும் அதன் முதுகில் ஒட்டியிருந்த வீடும் கோயில் மனையில்தான் நின்றன. குத்தகை இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. ஹொசாகாவுக்குத் தெரிந்து, கோயிலிலிருந்து யாரும் வந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் போய்க் கேட்கவில்லை. காரை நல்லபடியாக முடித்துக் கொடுத்துவிட்டு, சாமியின் மனம் குளிர்ந்திருக்கும் நேரம் பார்த்துக் கேட்பது என்று வைத்திருந்தார். கோயில்காரர் கோபித்துக்கொண்டால் கார் தூக்கும் லிஃப்டோடும் மனைவியோடும் எங்கே போய் நிற்பது?

கார் வந்தபோது அதன் டர்போ செத்திருந்தது. சாமி மொட்டை போட்டுப் பிக்குவாவதற்கு முன்னால் வாங்கிய வெள்ளை நிற இரண்டு கதவுக் கார் அது. ஆறு சிலிண்டர். டர்போவின் தண்டு முறிந்து, இரும்புத் துணுக்கெல்லாம் எஞ்சினுக்குள் போயிருந்தது. ஓபோன் வருகிறது, முன்னோருக்குப் படைக்கிற வீடுகளுக்கெல்லாம் வாரம் முழுக்கப் போய் ஓத வேண்டும், அதற்குள் ஓடினால் போதும் என்றுதான் சாமி விட்டுப் போனார்.

ஆனால் ஹொசாகாவின் கை அரித்தது. வருஷக்கணக்காகக் குடும்ப வேன்களுக்கு எண்ணெய் மாற்றி, பிரேக் தேய்த்துப் பிழைத்த மனிதர். அப்படியொரு எஞ்சின் மேஜைமேல் திறந்து கிடந்தால் யாருக்குத்தான் அரிக்காது? அடித்துச் செய்த பிஸ்டன் போட்டார். ஹெட்டுக்கு அடியில் கனமான கேஸ்கெட் வைத்தார். கை நுழையும் அளவுக்குப் புகைக்குழாய் மாட்டினார். அந்த நாட்களில் ஃபுமியே சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் சரி, தீப்பிடித்தது என்றாலும் சரி, அவர் காதில் ஏதும் ஏறவில்லை. எஞ்சினின் பலம் இரண்டு மடங்கானது. அதை ஓட்டப்போகிறவர், அந்த நாட்டு வழக்கப்படி மனைவியோடு வாழ்ந்தாலும், ஒரு பிக்கு என்பதும் மறந்துபோனது.

"போன் பண்ணிக் கேட்டுடுங்களேன்" என்றாள் ஃபுமியே.

"என்னன்னு கேக்கறது? சாமி, நீங்க வேண்டாம்னு சொன்னதை நான் செஞ்சுட்டேனான்னா?"

பழையதைத் திரும்ப மாட்டவும் வழியில்லை. அது முறிந்து, இரும்புக் குப்பைக்குப் போயாகிவிட்டது. மத்தியானம் சாமி வருகிறார். அதற்குள் இந்தக் காரைப் பழைய கார் மாதிரி நடந்துகொள்ள வைக்க வேண்டும், வேறு வழி இல்லை என்று முடிவு செய்தார் ஹொசாகா.

டர்போ என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. வெளியே போகிற புகையின் வேகத்தில் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற விசிறி. பெரிய விசிறி என்றால் சோம்பேறி விசிறி. சுற்ற ஆரம்பிக்க யோசிக்கும், ஆரம்பித்துவிட்டால் யார் பேச்சும் கேட்காது. எவ்வளவு திணிக்கலாம் என்பதை அடக்கி வைக்க, டாஷ்போர்டுக்குக் கீழே எழுத்து எதுவும் இல்லாத ஒரு கறுப்புத் திருகு வைத்திருந்தார். அதை இடது பக்கம் கடைசி வரை திருகினார். கோயில் மேட்டுக்கு ஓட்டிப் பார்த்தார்.

கார் சாதுவாகிவிட்டது. அளவுக்கு மீறிய சாது. பாதி மேட்டில் தபால்காரர் தன் சின்ன மோட்டார் சைக்கிளில் தாண்டிப் போனார். போகும்போது திரும்பிப் பார்த்து, பாவம் என்பதுபோல் தலையசைத்துவிட்டுப் போனார். சாமி தினம் ஏறுகிற மேடு அது.

திரும்பி வந்து, கம்ப்யூட்டரைச் செருகி, பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார். மேடு ஏறிவிடும் போலிருந்தது. ஆனால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன், திணித்த காற்று போக இடமில்லாமல் வால்வு வழியாக 'பிஷ்ஷ்ஷ்' என்று பீறிட்டது. பழைய காருக்கு இந்தச் சீற்றம் கிடையாது.

வால்வின் வாயை அடைத்தார். அடைத்ததும் காற்று வந்த வழியே திரும்பி விசிறியில் மோதியது. 'குகுகுகு' என்று ஒரு சத்தம்.

"புறா" என்றாள் ஃபுமியே. கோயிலில் ஏற்கெனவே புறாத் தொல்லை, சாமியின் மனைவி போன வாரம்தான் கூரையெல்லாம் வலை கட்டினார் என்று ஞாபகப்படுத்தினாள். சத்தம் போகட்டும், இப்படியே விட்டால் புது விசிறியும் முறிந்துவிடும் என்பது ஹொசாகாவுக்குத் தெரியும். அடைப்பை எடுத்தார். சத்தத்தை ஒழிக்க முடியாவிட்டால் அதை வேறு எங்காவது கொண்டுபோய் விடலாம் என்று தோன்றியது. அதற்கு நீளமாக ஒரு குழாய் வேண்டும். கடைக்கு ஓட நேரமில்லை. வீட்டுக்குள் போய், வாஷிங் மெஷினிலிருந்து தண்ணீர் வெளியேறும் வரிவரியான சாம்பல் நிறக் குழாயைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். ஒரு முனையை வால்வில் செருகி, மறுமுனையைக் காருக்கு அடியில் பின்பக்கம் வரை இழுத்துக் கட்டினார்.

எஞ்சினை முறுக்கிக் காலை எடுத்தார்.

'ப்ப்பூர்ர்ர்ர்' என்றது கார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹொசாகா இன்னொரு தடவை முறுக்கிப் பார்த்தார். முதல் தடவையைவிட நீளமாக வந்தது. ஃபுமியே டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து, ஏப்ரன் முனையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பிறகு அவளுக்கே பயம் வந்துவிட்டது.

"என்னங்க, சாமி இதை எழவு வீட்டு வாசல்ல கொண்டுபோய் நிறுத்துவாரே."

அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள்ளிருந்து சலசலவென்று கேட்டது. காலையில் நேரம் வைத்துவிட்டிருந்த வாஷிங் மெஷின், தன் குழாய் போனது தெரியாமல் அழுக்குத் தண்ணீரைச் சமையலறையில் கொட்டிக்கொண்டிருந்தது. ஃபுமியே ஓடினாள். ஓடுகிற ஓட்டத்தில் கணவரைப் பற்றி அவள் சொன்னதை எழுத வேண்டாம்.

சத்தத்தைக் குறைத்தாலாவது தப்பிக்கலாம் என்று ஹொசாகா கடைசியாகப் பின்பக்கம் போனார். தடித்த சைலன்சரின் வாய்க்குள் செருகுகிற உள்ளடைப்பு ஒன்று அலமாரியில் இருந்தது. செருகி, ஒரு திருகாணி போட்டு முடுக்கினார். அவசரத்தில் திருகாணி சரியாகக் கடிக்கவில்லை. அவர் அதைக் கவனிக்கவுமில்லை. எஞ்சினை முறுக்கினார். காலை எடுத்தார். உள்ளே எரியாமல் தங்கியிருந்த பெட்ரோல் புகைக்குழாயில் வெடித்து, அடைப்பு பீரங்கிக் குண்டாகச் சாலையைத் தாண்டிப் பறந்தது.

கொஞ்ச நேரத்தில் எதிர்த் தோட்டத்து நெகிஷி வந்தார். வெங்காயத் தாள் பயிரிடுகிறவர், கோயில் கமிட்டியில் மூத்தவர். தடித்த கையுறை போட்ட இரண்டு கைகளிலும் அந்த அடைப்பை ஏந்திக்கொண்டு, வேலை நேரத்தில் தொந்தரவு செய்வதற்கு முதலில் குனிந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு, இது தன் பாத்தியில் வந்து இறங்கியது, ஹொசாகா தேடுவாரே என்று கொண்டுவந்ததாகச் சொன்னார்.

"இன்னும் வருமா?" என்று மரியாதையாகக் கேட்டார். "வரும்னா வீட்டுக்காரியை உள்ள கூப்பிட்டுக்கறேன்."

வராது என்று ஹொசாகா நாலைந்து தடவை குனிந்து சத்தியம் செய்தார். நெகிஷியும் பதிலுக்குக் குனிந்தார். சாயங்காலம் கமிட்டி கூடுகிறது, சாமியிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது, தப்பாக நினைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றபோது ஹொசாகாவுக்கு அழுகை வந்தது. ஒர்க்‌ஷாப் பலகையை யார் கழற்றுவார்கள், தானா, வருகிறவர்களா என்றுகூட யோசித்துவிட்டார்.

குழாயையாவது பிடுங்கிவிடலாம் என்று காருக்கு அடியில் படுத்தபோது, ஓரத்தில் வெள்ளைக் காலுறையும் தைத்த செருப்பும் தெரிந்தன. சாமி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். பின்னால் குடை பிடித்தபடி அவர் மனைவி. கோயில் நிர்வாகமெல்லாம் பார்க்கிற அந்த அம்மாவை ஊரில் எல்லோரும் கோயிலம்மா என்பார்கள். வீட்டுக்குள் தண்ணீர் நிற்பதைப் பார்த்ததும், கேட்காமலேயே சேலையைச் செருகுவதுபோல் கிமோனோவைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஃபுமியேவோடு சேர்ந்து துணி பிழிய உள்ளே போய்விட்டார்.

நடுவில் ஃபுமியே வந்து டீயும் மாவுருண்டையும் வைத்துவிட்டுப் போனாள். வைத்தபோது அவள் கணவரைப் பார்த்த பார்வையில், கேட்டுப் பாருங்கள் என்ற அர்த்தம் இருந்தது. ஹொசாகா கோப்பையை நீட்டினார்.

"டீ எடுத்துக்குங்க சாமி."

"இருக்கட்டும்" என்றார் தோகென் சாமி. டீயைத் தொடவில்லை.

ஹொசாகா விடவில்லை. தட்டை மெல்ல நகர்த்தினார். "மாவுருண்டை..."

"இருக்கட்டும்" என்றார் சாமி. சொல்லிக்கொண்டே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கதவோரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஃபுமியே உதட்டைப் பிதுக்கினாள். இதை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது.

சாமி ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஹொசாகா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். திருகு இடது கோடியில்தான் இருந்தது. மெதுவாக ஒரு சுற்று போய்விட்டு வந்தால், பிறகு ராத்திரியோடு ராத்திரியாக ஏதாவது செய்துகொள்ளலாம். கார் மேட்டைத் தொட்டது. உருண்டது. சாமி கியரை மாற்றக் காலை எடுத்தார்.

'ப்ப்பூர்ர்ர்ர்.'

சாமி மெல்லத் திரும்பி ஹொசாகாவைப் பார்த்தார். ஹொசாகா கண்ணாடியை இறக்கிவிட்டார். தான் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிட்டது என்பது இறக்கிய பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

"இது என்னப்பா?" சாமியின் கை டாஷ்போர்டுக்குக் கீழே போயிருந்தது.

"அது... அது வந்து ஏசி, சாமி."

"நல்லதாப் போச்சு. இந்த அங்கிக்குள்ள அவிஞ்சு சாகறேன்" என்று சொல்லி, சாமி அதை வலது பக்கம் கடைசி வரை திருகிவிட்டார்.

கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். சாமியின் கையை எப்படிப் பிடிப்பது? ஹொசாகா இருக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பெரிய விசிறி யோசித்துக்கொண்டிருந்தது. யோசித்து முடித்ததும் முதுகில் யாரோ உதைத்ததுபோல் இருவரும் இருக்கைக்குள் அழுந்தினார்கள். கோயில் வாசல் வந்தது தெரிந்தது, போனது தெரியவில்லை. அடியில் எதுவோ படார் என்று கழன்றது. பின்கண்ணாடியில், ஃபுமியேவின் வாஷிங் மெஷின் குழாய் சாலையில் குதித்துக் குதித்துப் போவதை ஹொசாகா பார்த்தார். அடுத்த வளைவில் சாமி காலை எடுத்தபோது, தடையெல்லாம் நீங்கிய வால்வு மலை முழுக்கக் கேட்கும்படி 'பிஷ்ஷ்ஷ்' என்றது.

சாமியின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. கடைசி காலத்துச் சூத்திரம் ஓதுகிறார் என்று நினைத்து ஹொசாகாவும் கையைக் கூப்பினார். தன் பங்குக்கு என்ன ஓதுவது என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

கணவாயின் உச்சியில் கார் நின்றது. சாமி இறங்கினார். காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றார். தோள் ஏறி இறங்கியது. அது கோபம் என்று நினைத்து ஹொசாகா சரளைக் கல்லிலேயே மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்துவிட்டார். எல்லாவற்றையும் கொட்டினார். போனில் கேட்ட 'இருக்கட்டும்', பெரிய டர்போ, புறா, குழாய், நெகிஷியின் பாத்தி, ஏசி என்று சொன்ன பொய், ஒன்று விடவில்லை.

"என் தப்புதான் சாமி. ஓபோனுக்குள்ள பழையபடி ஆக்கித் தந்துடறேன். கைக்காசு போனாலும் பரவாயில்லை."

சாமி திரும்பினார். சிரித்துச் சிரித்து முகம் சிவந்திருந்தது. கண்ணில் தண்ணீர்.

"எதுக்குப் பழையபடி ஆக்கணும்? நான்தான் இருக்கட்டும்னு சொன்னேனே."

ஹொசாகா நெற்றியில் ஒட்டிய கல்லோடு நிமிர்ந்தார்.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்ல மாட்டேனா? இருக்கட்டும்னா இருக்கட்டும்னுதாம்ப்பா அர்த்தம். வேற என்ன அர்த்தம் இருக்கு?"

"அப்ப, எங்கப்பா திதியில ரெண்டாவது தடவை சோறு..."

"அப்பவும் இருக்கட்டும்னுதான் சொன்னேன். ஈ உக்காரப் போச்சு, கிண்ணத்தை மூடினேன். உன் பொண்டாட்டி சட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டா. அரை வயித்தோடதான் வீட்டுக்குப் போனேன்."

இறங்கும்போது வேகமில்லாமல்தான் வந்தார்கள். சாமி நிறையப் பேசினார். எல்லா வீட்டிலும் சாமி தாமதம், சாமி தாமதம் என்று முனகுவார்கள், இந்த ஓபோனுக்கு விளக்கு ஏற்றுவதற்குள் போய் நிற்கப்போகிறேன் என்றார். இந்தக் காரை வேறு யார் கையிலும் விடுவதாயில்லை, உயிரோடு இருக்கும் வரை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். நெகிஷியை நான் சமாதானப்படுத்திக்கொள்கிறேன் என்றும் சொன்னார். ஹொசாகாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தன் கையால் செய்த எஞ்சின் இப்படி ஒரு மனிதரைப் பேச வைக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

ஒர்க்‌ஷாப் வாசலில் ஃபுமியே ஈரத் துணியோடு நின்றாள். ஹொசாகா காரிலிருந்து இறங்கின வேகத்திலேயே சொன்னார்: "கேட்டுக்கோ. இருக்கட்டும்னா இருக்கட்டும்னுதான் அர்த்தமாம். சாமி வாயாலயே சொல்லிட்டார்." ஃபுமியே நம்பாமல் சாமியைப் பார்த்தாள். சாமி ஆமாம் என்று தலையாட்டினார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு வாக்குவாதத்திலும் ஜெயிக்காத ஹொசாகா, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

கோயிலம்மாவும் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஹொசாகா தொண்டையைச் செருமிக்கொண்டு, முறைப்படி இருவருக்கும் குனிந்து, மாதக் கடைசியும் வந்துவிட்டது, மனைக் குத்தகையை அப்படியே புதுப்பித்து எழுதிக்கொள்ளலாமா என்று சாமியிடம் கேட்டார்.

அதெல்லாம் எனக்குத் தெரியாது, அம்மாவைக் கேள் என்று சாமி கையைக் காட்டினார்.

"குத்தகையா?" கோயிலம்மா திகைத்துப்போய் எல்லோரையும் பார்த்தார். "போன மாசமே போன் பண்ணி, இடம் உங்களுக்கு இன்னும் வேணுமான்னு கேட்டேனே, நீங்கதான் எஞ்சின் சத்தத்துக்கு நடுவுல 'இருக்கட்டும், இருக்கட்டும்'னு சொல்லி வச்சிட்டீங்க, அதான் கார் நிறுத்தற கம்பெனிக்காரங்களுக்கு எழுதிக் குடுத்துட்டோம்."